சிறுவர் வகுப்புக்கு இணைய விஞ்ஞானம்: வாங்குமுன் வியாபாரி பார்க்க வேண்டியவை

சாக்கின் அடியில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, முகர்ந்து, கடித்துப் பார்க்காமல் நம்மில் எவரும் மிளகு வாங்குவதில்லை. விற்பவர் சொந்த மச்சானாக இருந்தாலும் தராசில் வைத்துத்தான் பணம் கொடுக்கிறோம். ஆனால் பிள்ளையின் படிப்புக்கென்று வரும் சரக்கை மட்டும் நாம் சோதிப்பதே இல்லை. "இது ஒன்லைன் விஞ்ஞானப் பாடம், தரம் 1 முதல் தரம் 5 வரை எல்லாம் இதற்குள் இருக்கிறது" என்று ஒருவர் டெப் ஒன்றைக் காட்டினால் கேள்வி கேட்காமல் பணத்தை நீட்டி விடுகிறோம்.

வத்தேகம நகரில் காகிதாதிகளும் போட்டோப் பிரதியும் சார்ந்த சிறு வியாபாரம் செய்பவன் நான். பாடசாலைப் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும்தான் எனது வாடிக்கையாளர்கள். கடந்த சில வருடங்களில் இணையவழிப் பாடங்களுக்காக நம்மவர்கள் செலவிடும் பணத்தையும், அதனால் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பயனையும் கடைப் பலகைக்குப் பின்னால் நின்று பார்த்து வருகிறேன். அதைக் கொண்டு, ஆரம்ப வகுப்புகளுக்கான இணைய விஞ்ஞானப் பாடத்தை ஒரு கொள்முதலாக வைத்து இவ்வாரம் ஆராய்வோம்.

பாடம் எது என்பதை முதலில் அறிவோம்

நமது நாட்டில் ஆரம்பப் பிரிவில் விஞ்ஞானம் என்ற பெயரில் தனிப்பாடம் இருப்பதில்லை. 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்ற பாடத்துக்குள்தான் அது அடங்கியிருக்கிறது. தாவரம், விலங்கு, நீர், காற்று, ஒளி, நிழல், காந்தம், காலநிலை, உணவு, வீடு, ஊர் ஆகிய அனைத்தும் அதில் வரும். தரம் 6 க்குச் சென்ற பின்னரே 'விஞ்ஞானம்' என்ற தனிப் புத்தகம் பிள்ளையின் கைக்கு வருகிறது.

பாடத்தின் பெயரிலுள்ள 'செயற்பாடுகள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பிள்ளை தொட்டு, அளந்து, வளர்த்து, கவனித்து அறிய வேண்டும் என்பதே பாடத்திட்டத்தின் எண்ணம். ஆனால் புலமைப்பரிசில் பரீட்சையின் நெருக்கடியில் இதுவும் வினாவிடைப் பாடமாகி விட்டது. விதை முளைக்கத் தேவையானவை எவை என்று கேட்டால் ஒப்புவிக்கும் பிள்ளை, தன் கையால் ஒரு பயறு விதையை முளைக்க வைத்ததில்லை. தரம் 6 க்குச் சென்றதும் விஞ்ஞானம் கசக்கத் தொடங்குகிறது. சாதாரண தரத்தில் விஞ்ஞானம் கைவிடும்போது, "சரி, கடைக்கு வா" என்று நாமும் கூப்பிட்டு விடுகிறோம். கடைக்கு வருவதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் வேறு வழி அடைபட்டதால் வருவதும், விரும்பி வருவதும் ஒன்றல்ல.

எனவே இணையப் பாடம் ஒன்றை வாங்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது பிள்ளையின் கைக்கு வேலை கொடுக்கிறதா, கண்ணுக்கு மட்டும்தானா?

முடக்க காலம் கற்பித்த பாடம்

2020 மார்ச் மாதம் கொவிட் காரணமாக நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறந்தும் மூடியும், 2021 ஒக்டோபர் வரை ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் ஒழுங்கான வகுப்பைக் காணவில்லை. கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' இணையத்தளம் அப்போதுதான் பலருக்கும் அறிமுகமானது. 'குரு கெதர' நிகழ்ச்சி மூலம் தொலைக்காட்சியிலும் பாடங்கள் வந்தன. ஆசிரியர்கள் வட்ஸ்அப்பிலும் சூமிலும் வகுப்பு நடத்தினர். சம்பளப் பிரச்சினையை முன்வைத்து 2021 ஜூலை முதல் ஒக்டோபர் வரை ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியதால் அதுவும் பல இடங்களில் நின்றது.

பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் தொலைபேசிச் சமிக்ஞைக்காகக் காட்டு வழியே நடந்து பாறை உச்சிக்கு ஏறிய செய்தி 2021 இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. மலைநாட்டில் வாழும் நமக்கு இது புதினமல்ல. பன்வில, மடுல்கலை பக்கத்து மேட்டு நிலங்களில் ஒரு வளைவில் சமிக்ஞை இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. கொவிட்டுக்கு முந்திய ஆண்டில் இலங்கை வீடுகளில் கணினி இருந்தவை சுமார் 22 சதவீதம் மட்டுமே. மற்ற வீடுகளில் வாப்பாவின் கைத்தொலைபேசிதான் வகுப்பறை. வாப்பா காலையில் கடைக்கோ சந்தைக்கோ போனால் வகுப்பும் அவரோடு போய்விடும்.

அந்த நாட்களில் நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இணையப் பாடம் கடைசியில் எனது கடைக்குத் தாளாகத்தான் வந்தது. ஆசிரியை வட்ஸ்அப்பில் அனுப்பிய செயலட்டையை அச்சடித்துக் கொள்ள உம்மாமார் வந்து நிற்பார்கள். அறிவுறுத்தலுடன் வந்த செயலட்டைகள் சில இருந்தன: 'ஒரு கிண்ணத்தில் நீர் எடு, இந்தப் பத்துப் பொருட்களையும் போட்டுப் பார், மிதப்பவற்றை எழுது' என்ற வகை. அப்படிச் செய்த பிள்ளைகள் மறு வாரம் கடைக்கு வந்தபோது, அழிறப்பர் மிதக்குமா தாழுமா என்று என்னிடமே கேட்டார்கள். வெறும் வினாத்தாள் அச்சடித்துக் கொண்டு போனவர்கள் எதையும் கேட்கவில்லை. சரக்கின் தரம் அங்கே தெரிந்தது.

இலவசச் சரக்கு ஏற்கனவே இருக்கிறது

காசு கொடுத்து வாங்குமுன் காசில்லாமல் கிடைப்பதைப் பார்ப்பது வியாபார புத்தி. நான் பார்த்தவற்றில் முக்கியமானவை இவை.

1. ஈ-தக்சலாவ: தரம் 1 முதல் 13 வரை மூன்று மொழிகளிலும் நமது பாடத்திட்டத்துக்கே உரியது. பிள்ளையின் பாடநூலோடு ஒத்துப்போவது இதன் பெரிய பலம்.

2. கான் அகடமி: பங்களாதேஷ் வழிவந்த தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் அமெரிக்காவில் பிறந்த சல்மான் கான், நிதி நிறுவனமொன்றில் வேலை பார்த்தபோது 2004 இல் தன் உறவுக்காரச் சிறுமிக்குத் தூரத்திலிருந்து கணிதம் சொல்லிக் கொடுத்தார். 2006 இல் பாடங்களை யூடியூபில் ஏற்றினார். 2008 இல் அது இலாப நோக்கற்ற நிறுவனமானது. ஆங்கிலம் தெரிந்த பிள்ளைக்கும், பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் பெற்றோருக்கும் உதவும்.

3. பெட் எனப்படும் செயற்கை ஆய்வுகூடம்: பௌதிகத்துக்கான நோபல் பரிசை 2001 இல் பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன், 2002 இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பலூனைத் துணியில் உரசினால் மின்னேற்றம் எப்படி நகர்கிறது, பெட்டரியோடு வயரை எப்படி இணைத்தால் பல்ப் எரியும் என்பவற்றைப் பிள்ளை தானே திரையில் இழுத்து நகர்த்திப் பார்க்கலாம். பல பகுதிகள் தமிழிலும் உள்ளன. பலவற்றை ஒரு தடவை பதிவிறக்கிக் கொண்டால் பின்னர் இணையம் தேவையில்லை.

4. அரவிந்த் குப்தாவின் விளையாட்டுப் பொருட்கள்: கான்பூர் ஐ.ஐ.டியில் படித்த பொறியியலாளரான இவர், தீக்குச்சி, பழைய சைக்கிள் டியூப், உறிஞ்சு குழாய், வெற்றுப் போத்தல் போன்றவற்றைக் கொண்டு விஞ்ஞானம் கற்பிப்பதையே வாழ்க்கையாக்கிக் கொண்டார். 2018 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. ஓரிரு நிமிடங்களில் முடியும் அவரது படங்களில் தமிழில் உள்ளவையும் உண்டு.

இந்த நான்கையும் ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்த பின்னும் குறை தெரிந்தால் மட்டுமே கட்டணப் பாடத்தைப் பற்றி யோசியுங்கள்.

பைஜூஸ் கதை நமக்கும் பாடம்

கேரளத்தைச் சேர்ந்த ஓர் ஆசிரியர் 2011 இல் தொடங்கிய கம்பனி பைஜூஸ். 2019 இல் டிஸ்னியின் கதாபாத்திரங்களைக் கொண்டு, தரம் 1 முதல் 3 வரையான பிள்ளைகளுக்கும் செயலி வெளியிட்டது. முடக்க காலத்தில் அதன் வியாபாரம் பெருகியது. 2020 இல் இன்னொரு கல்விக் கம்பனியை 300 மில்லியன் டொலருக்கு வாங்கியது. 2022 இல் அதன் பெறுமதி 22 பில்லியன் டொலர் என்று கணிக்கப்பட்டது. பாடசாலைகள் திறந்தன, பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினர், கடனும் செலவும் மிஞ்சின. பெற்றோரைக் கடன் ஒப்பந்தங்களில் சேர்த்து விற்பதாக எழுந்த புகார்களையடுத்து, 2022 டிசம்பரில் இந்தியாவின் குழந்தை உரிமைகள் ஆணையம் அதன் தலைவரை விசாரணைக்கு அழைத்தது. 2024 ஜூலையில் இந்தியக் கிரிக்கெட் சபைக்குச் செலுத்த வேண்டிய பாக்கி தொடர்பான வழக்கில் கம்பனி வங்குரோத்து நடவடிக்கைக்குள் கொண்டுவரப்பட்டது. அதன் பெறுமதி இப்போது பூச்சியம் என்று 2024 ஒக்டோபரில் தொடக்கியவரே சொன்னார்.

இதில் வியாபாரிக்கு இரண்டு பாடங்கள் உண்டு. முதலாவது, முற்பணமாக மூன்று வருடக் கட்டணம் வாங்கும் எவரும் மூன்று வருடம் கடை திறந்திருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரண்டாவது, பெற்றோரின் பயத்தை விற்கும் வியாபாரம் வேகமாக ஏறும், பயம் தணிந்ததும் வேகமாக இறங்கும்.

இதே விற்பனை முறை நமது பக்கத்திலும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த வாசனைச் சரக்கு வியாபாரி ஒருவர், வீட்டுக்கு வந்த விற்பனையாளரிடம் தவணை முறையில் டெப்புடன் பாடத்தொகுதி ஒன்றை வாங்கினார். பாடங்கள் ஆங்கிலத்தில், வேறொரு நாட்டின் பாடத்திட்டத்தில் இருந்தன. பிள்ளை படிப்பதோ தமிழ் மொழிமூலம் தரம் 4 இல். "நானா, படம் நல்லா ஓடுது, ஆனா மகனுக்கு ஒண்ணும் விளங்கல்ல" என்றார். இன்று அந்த டெப்பில் கார்ட்டூன் ஓடுகிறது. தவணையும் ஓடுகிறது.

ஆகவே விற்பனையாளரிடம் கேட்க ஐந்து கேள்விகளைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். நமது நாட்டுப் பாடத்திட்டமா? பிள்ளை படிக்கும் மொழியில் உள்ளதா? இணையம் இல்லாத நேரம் வேலை செய்யுமா? மாதக் கட்டணமாகச் செலுத்தி, விரும்பிய மாதம் நிறுத்த முடியுமா? பாடம் முடிந்ததும் பிள்ளை கையால் செய்ய என்ன இருக்கிறது? இவற்றில் மூன்றுக்கு 'இல்லை' என்ற பதில் வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பி விடுங்கள்.

டேட்டா கணக்கு

சூமில் கூட்டு வகுப்பு ஒரு மணித்தியாலம் நடந்தால் ஏறக்குறைய அரை ஜீபியிலிருந்து ஒரு ஜீபி வரை முடியும். அதே பாடத்தைப் பத்து நிமிடப் பதிவாகக் குறைந்த தெளிவில் பார்த்தால் சுமார் 50 எம்பி போதும். ஆக, ஒரு மணித்தியால நேரடி வகுப்புக்குச் செலவாகும் டேட்டாவில் இத்தகைய சிறு பாடங்கள் பத்தையாவது பார்த்து விடலாம். ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒரு மணித்தியாலம் திரையைப் பார்த்துக் கொண்டிருப்பதை விட, பத்து நிமிடம் பார்த்து ஐம்பது நிமிடம் செய்து பார்ப்பதே பாடத்திட்டத்தின் எண்ணத்துக்கும் பொருத்தமானது. மலிவானதும் நல்லதும் ஒன்றாக அமைவது அரிது, இங்கே அமைந்திருக்கிறது.

நமது கடையே ஆய்வுகூடம்

இணையப் பாடத்துக்குத் தேவையான செய்முறைப் பொருட்கள் வத்தேகமவில் யாரிடம் இருக்கின்றன? நம்மிடம்தான். மிளகு, கராம்பு, சாதிக்காய், ஏலம், மஞ்சள் எல்லாம் நமது மூட்டைகளில் இருக்கின்றன. தராசும் லீற்றர் அளவையும் இருக்கின்றன. ஒவ்வொரு பாடத்தையும் பத்து நிமிடம் திரையில் பார்த்துவிட்டு, கடையில் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

மிதத்தலும் தாழ்தலும்: ஒரு பிடி மிளகைத் தண்ணீரில் போட்டால் முற்றிய மணிகள் தாழும், சொத்தை மணிகள் மிதக்கும். கலப்படத்துக்குச் சேர்க்கும் காய்ந்த பப்பாசி விதையும் மிதக்கும். மொத்த வியாபாரிகள் மிளகை லீற்றருக்கு 500 கிராம், 550 கிராம் என்று பேசுவதும் இதே அடர்த்தியைத்தான். பிள்ளை ஒரு லீற்றர் அளவையில் மிளகை நிரப்பித் தராசில் வைக்கட்டும். மேல் வகுப்பில் வரப்போகும் பாடத்தை வாப்பாவின் தொழிலில் இப்போதே கண்டுகொள்வான்.

மேற்பரப்பு இழுவை: தட்டில் தண்ணீர் ஊற்றி மேலே மிளகுத்தூளைத் தூவுங்கள். சவர்க்கார நீர் தொட்ட விரலை நடுவில் வையுங்கள். தூள் ஓரத்துக்கு ஓடும். ஏன் ஓடுகிறது என்ற கேள்வியோடு பிள்ளையை இணையப் பாடத்துக்கு அனுப்புங்கள். இங்கே திரையை விடக் கேள்வி முந்தி வருவதே நல்லது.

அமிலமும் காரமும்: மஞ்சள் கறி பட்ட சேர்ட்டில் சவர்க்காரம் போட்டால் கறை சிவப்பாவதை நமது உம்மாமார் எல்லாரும் அறிவார்கள். மஞ்சள் தூளைக் குழைத்துத் தாளில் பூசிக் காயவைத்தால் அதுவே சோதனைத் தாள். சவர்க்கார நீர் பட்டால் செம்பழுப்பாகும். தேசிக்காய்ச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகும்.

ஆவியாதல்: பச்சை மிளகு ஏறக்குறைய மூன்று கிலோ காய்ந்தால்தான் ஒரு கிலோ கறுப்பு மிளகு கிடைக்கும். ஒரு சிறு தட்டுப் பச்சை மிளகைப் பிள்ளையிடம் கொடுத்து, ஒவ்வொரு நாளும் நிறுத்து எழுதச் சொல்லுங்கள். மழை நாளில் நிறை குறையாததையும் அவன் எழுதுவான். நாம் சேதாரம் என்று கணக்கில் எழுதுவது ஆகாயத்துக்குப் போன தண்ணீர் என்று அப்போது விளங்கும்.

வித்தின் பகுதிகள்: புதிதாகப் பிளந்த சாதிக்காய் ஒன்று போதும். வெளித்தோடு, அதற்குள் சிவந்த வசுவாசி, அதற்குள் ஓடு, அதற்குள் பருப்பு. எந்தச் செயலியும் இதன் வாசனையைத் தராது.

மின்சுற்று: ஒன்றரை வோல்ட் பெட்டரி இரண்டு, சிறு டோர்ச் பல்ப், ஓரடி வயர். திரையில் இணைத்துப் பார்த்ததைக் கையில் இணைத்துப் பார்க்கலாம். வீட்டு மின்சாரத்தைப் பிள்ளை தொடவே கூடாது. பொத்தான் பெட்டரிகளைச் சிறு பிள்ளைகள் விழுங்கினால் உயிராபத்து. அவற்றை இதற்குப் பாவிக்க வேண்டாம்.

பக்கத்தில் ஒரு பெரியவர்

பொருளும் பாடமும் இருந்தாலும் ஒன்று குறைந்தால் கணக்குத் தவறும். 2019 இல் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கி வைத்திருந்த தமிழ்நாட்டு அரசு, முடக்க காலத்துக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 ஒக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. மாலை நேரத்தில் ஊர்த் தன்னார்வலர்கள் பிள்ளைகளைச் சிறு குழுவாக அமர்த்திச் சொல்லிக் கொடுத்தனர். திரையோடு நின்றுவிடாமல் ஆளையும் அனுப்ப வேண்டியிருந்தது என்பதே இதன் பொருள்.

நம் வீடுகளில் அந்த ஆள் உம்மாவாகவோ மூத்த சகோதரியாகவோ இருக்கலாம். வாப்பாவும் வெள்ளிக்கிழமை மாலை அரை மணித்தியாலம் இருக்கலாம். விஞ்ஞானம் படித்திருக்க வேண்டியதில்லை. "நீ என்ன நினைக்கிறாய்? செய்து பார்ப்போமா?" என்ற இரண்டு கேள்விகள் போதும்.

வியாபாரமாகவும் செய்யலாம், நன்மையாகவும் செய்யலாம்

இது ஒரு சிறு தொழில் வாய்ப்பும்கூட. தரம் ஒன்றுக்குரிய செய்முறைகளுக்கு வேண்டிய காந்தம், பெட்டரி, பல்ப், வயர், பூதக்கண்ணாடி, பஞ்சு, பயறு, அளவுக் கிண்ணம், தமிழில் ஒரு அறிவுறுத்தல் தாள் ஆகியவற்றை ஒரே பெட்டியில் போட்டு விற்கலாம். பொருட்களை மொத்தமாக எடுத்தால் விலை இறங்கும். அறிவுறுத்தலை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் கூலி கொடுத்து எழுதி வாங்கலாம். சரியாக எழுதப்பட்ட தாள்தான் பெட்டியின் உண்மையான பெறுமதி. பெட்டியில் 'பரீட்சையில் சித்தி நிச்சயம்' என்று மட்டும் அச்சிட வேண்டாம். அது நாம் காப்பாற்ற முடியாத வாக்கு.

நன்மையாகச் செய்ய விரும்புவோர், பாடசாலைக்கு விலையுயர்ந்த ஸ்மார்ட் பலகை ஒன்றை அன்பளிப்புச் செய்து படம் எடுத்துக் கொள்வதற்குமுன் ஆரம்பப் பிரிவு ஆசிரியையிடம் என்ன தேவை என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பழுதானால் திருத்த ஆளில்லாத பலகையை விட, பதிவிறக்கிய பாடங்கள் அடங்கிய பென் டிரைவ் ஒன்றும், ஒரு புரொஜெக்டரும், வகுப்புக்குப் பத்துச் செய்முறைப் பெட்டிகளும் நீண்ட காலம் உழைக்கும். பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் வியாபாரிகள்தான் அதிகம் இருக்கிறோம். கொள்முதல் தெரிந்தவர்கள் அங்கே கொள்முதல் புத்தியைக் காட்ட வேண்டும்.

இன்னும் ஒரு வழியும் உண்டு. வாசனைச் சரக்குக் களஞ்சியம் வைத்திருப்போர், வருடத்தில் ஒரு நாள் பக்கத்துப் பாடசாலையின் தரம் 4, 5 பிள்ளைகளை ஆசிரியையுடன் அழைத்து, காயவைத்தலையும் தரம் பிரித்தலையும் நிறுத்தலையும் காட்டலாம். வத்தேகமவுக்கு மேலே நக்கிள்ஸ் மலைத்தொடர் நிற்கிறது. 2010 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி அது. அதைப் படத்தில் பார்க்கும் பிள்ளை, அதன் அடிவாரத்துச் சரக்கைத் தன் கையால் தரம் பிரிக்கவும் அறிய வேண்டும்.

இணையப் பாடம் நல்ல சரக்குத்தான். ஆனால் அது பாதிச் சரக்கு. மறுபாதி பிள்ளையின் கையிலும், நமது கடையிலும், நாம் ஒதுக்கும் அரை மணித்தியாலத்திலும் இருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமை ஒரு தட்டில் தண்ணீரும் ஒரு சிட்டிகை மிளகுத்தூளும் எடுத்து ஆரம்பியுங்கள். பெரிய செலவை அதன் பிறகு தீர்மானிக்கலாம்.